நாற்பத்தேழில் நின்ற மணி

"ஹலோ... ஆங், ஜாக்குலின்தான்... மெதுவா பேசு தம்பி, நான் சமையக்கட்டுல நின்னுகினு கீறேன்... இல்ல, என்னால சத்தமா பேச முடியாது. கத்தணும்னுதான் கீது. முடியாது."

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஜாக்குலின் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக ஒருமுறை கூடத்தை எட்டிப் பார்த்தாள். அம்மா சந்திரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இதய ஆபரேஷன் முடிந்து பதினோராவது நாள்.

"யாரு, ஆல்வினா? காலையிலேர்ந்து டிவிக்காரங்க போனு இது ஏழாவது, தெரியுமா?... அக்கா அக்கான்னாதப்பா. அக்கான்னு சொல்லிகினே ஆப்பு வெக்கிறீங்க... பேட்டி கெடையாது. எங்கம்மாகிட்ட கெடையவே கெடையாது... ஒரு நிமிஷமா? அழுவுறதுக்கு நீ டைம் குடுக்கறியா எனக்கு?"

அவளுடைய பெரிய அண்ணன் ஏசுபாதம் விடியற்காலையில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷமாகத் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த நடிகன். செய்தி ஊரெல்லாம் ஓடியது, பெற்ற தாயைத் தவிர. "சட்டுனு சொன்னா தாங்க மாட்டாங்க. மூணு மணிக்கு நானே வரேன், பக்கத்துல இருந்து சொல்லுவோம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை டிவி வயரை எலி கடித்துவிட்டது என்று ஒரு பொய். சின்ன அண்ணன் ஜெபக்குமார் காலை ஷிப்டுக்கு அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டிப் போயிருக்கிறான் என்று இன்னொரு பொய். அவன் போனது சென்னைக்கு, பாஸ்டரோடு, உடலை வாங்கிவர. எதிர்வீட்டுப் பெண்கள்கூட அழுகை வந்தால் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார்கள். புதுப்பட்டினத்தில் ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா? மக்களுக்குத் தெரிஞ்சாவணுமா?... ஆமா, ஆமா. ஊருக்கெல்லாம் தெரியணும், பெத்தவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி... ஆஸ்பத்திரி உள்ள பூந்து, மூக்குல டியூப்போட கெடந்தவன வீடியோ எடுத்தது யாரு?... வேற சேனலா? சரி. அத எடுத்து செவப்பு வட்டம் போட்டு, சோகப் பாட்டு போட்டு ஓட்டிகினு கீறது யாரு?... கேக்கறேன்ல, சொல்லு... மேலிடமா? உனக்கும் மேலிடம் கீது, எனக்கும் மேலிடம் கீது. எங்க மேலிடம் எல்லாத்தையும் பாத்துகினுதான் கீறாரு."

கஞ்சி பொங்கியது. அடுப்பை அணைத்தாள். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலை அவளுக்கு. எதையும் சிந்தாமல் ஊற்றுகிற கை அது. இன்று கிண்ணத்தில் விழுந்ததைவிட அடுப்பு மேடையில் விழுந்த கஞ்சிதான் அதிகம். எரிச்சலில் துணியை எடுத்துத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"ஆல்வின், இங்க கேளு. காலையில இன்னா சொன்னே? தெருவுக்குள்ள வர மாட்டேன்னு சொன்னியா இல்லியா?... ஆங், வரல. வரலன்னு தெரியுது. அதுக்குத்தான் உன்கிட்டயாவது பேசறேன்... எங்க? கோயில்லயா?... எடுத்துக்கோயேன். அவன் ஞானஸ்நானம் வாங்குன கோயிலு. சின்ன வயசுல கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆட்டுக்குட்டியா நடிச்சதும் அங்கதான்... ஐயோ, அதெல்லாம் எழுதிக்காதப்பா! பேச்சுக்குச் சொன்னேன்... சரி, கோயில எடு. ஜனங்கள எடுக்காத. அவ்ளோதான். வெக்கட்டா?"

டங்.

போனுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. அங்கே எதையோ போட்டு உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடியும் ஒலித்தது. இந்த முறை ஜன்னல் வழியாகவும் வந்தது.

"ஆல்வின்... அது இன்னா சத்தம்?... ஆல்வின், அது இன்னா சத்தம்?"

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால், வீட்டார் வந்து சொன்ன பிறகு துக்கமணி அடிப்பார்கள். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. சந்திரம்மா அறுபது வருஷமாக அந்த அடிகளை விரல் கணுவில் எண்ணி, யார் போனது என்று ஆள் வந்து சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறவள். தெருவில் எல்லோருடைய வயதும் அவளுக்கு மனப்பாடம்.

"பேக்கிரவுண்டுக்கா?... மணி அடிக்கிற மாதிரி ஒரு ஷாட்டா?... அடப்பாவி! முத்துசாமி அண்ணன்கிட்ட இன்னா சொல்லி அடிக்க வெச்சே?... வூட்டுல சொல்லச் சொன்னாங்கன்னா? எந்த வூட்டுல? நாங்களா சொன்னோம்?... நாலு அடி அடிச்சி நிறுத்திடுவாருன்னு நெனச்சியா? அந்த ஆளு அம்பத்திரெண்டும் அடிக்காம கயிற விட மாட்டாரு! காதும் கேக்காது!"

ஊரில் எல்லோரிடமும் போய் வாயைக் கட்டச் சொன்னவர்கள், மணி அடிக்கிற முத்துசாமியிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வீட்டார் சொல்லாமல் அவர்தான் அடிக்க மாட்டாரே என்ற தைரியம். ஓட்டை அங்கேதான் இருந்தது.

கூடத்தில் சந்திரம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் கணுக்கணுவாக நகர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது.

"இப்ப எங்க கீற?... வேன்லயா? மணிக்கூண்டு எங்க, வேன் எங்க! ஓடு! போன வெக்காத, வெச்சேன்னா பாரு... ஓடிகினே பேசு... இன்னா, கேட்டு பூட்டிருக்கா? சுத்தி வா, கெணத்துப் பக்கமா ஒரு வழி கீது... ஜம்முனு உக்காந்துகினு கேமரா புடிக்கத் தெரியுதுல்ல, இப்ப ஓடு... எங்கம்மா எண்ணுதுடா. விரல் விட்டு எண்ணுது."

இருபது தாண்டியது. முப்பது தாண்டியது. ஜாக்குலினும் எண்ணிக்கொண்டிருந்தாள். கூடத்துக்குப் போய் அம்மாவின் காதைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது. போனை விட்டால் ஆல்வினும் ஓடாமல் நின்றுவிடுவான். நாற்பதில் சந்திரம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். மகள் காலையிலிருந்து போனில் குசுகுசுப்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

"ஏறிட்டியா?... கயிறப் புடி! கயிறப் புடிச்சி நிறுத்து! கெஞ்சிகினு நிக்காத, நிறுத்து!"

மணி நின்றது.

அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. சந்திரம்மாவின் கட்டைவிரல் ஒரு கணுவில் நின்றிருந்தது. ஜாக்குலின் கணக்கிலும் அதே எண்தான். நாற்பத்தேழு.

ஜெபக்குமாருக்கு நாற்பத்தேழு. காலையில் பஸ் எடுத்துப் போனதாகச் சொன்னார்களே, அந்த ஜெபக்குமாருக்கு.

சந்திரம்மா கால்களைத் தரையில் இறக்கினாள். ஒரு கை நெஞ்சுத் தையலைப் பிடித்தது. இன்னொரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தது. கண் மட்டும் மகளை விட்டு நகரவில்லை. நீ சொல்லு என்று கேட்கிற கண்.

அவன் இல்லம்மா, பெரியவன். மூன்றே வார்த்தை. ஜாக்குலினால் அதைச் சொல்ல முடியவில்லை. உயிரோடிருக்கிற பிள்ளைக்காக அம்மா உயிரை விட்டுவிடுவாள் போலிருந்தது.

"ஆல்வின்..." குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "நிறுத்தாத... அடிக்கச் சொல்லு... ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். இப்ப நான்தான் அடிக்கச் சொல்றேன்... காரணம் கேக்காத. இன்னும் அஞ்சு பாக்கி கீது. எண்ணி அஞ்சு... இப்ப வூட்டுல சொல்றோம், போதுமா? முத்துசாமி அண்ணன்கிட்ட சொல்லு, ஏசுபாதம் வூட்டுல சொல்லிட்டாங்கன்னு... என் வாயால முடியல தம்பி. நீ ஆரம்பிச்ச, நீயே முடி."

ஜாக்குலின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறை வாசற்படிக்கு வந்தாள்.

"கேமராவ மூடு... மூடிட்டியா?... இந்த அஞ்சு அடி உன் சேனலுக்கு இல்ல. எங்கம்மாவுக்கு."

டங்.

நாற்பத்தெட்டு. சந்திரம்மாவின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது. முகம் தெளிந்தது. ஜெபா இல்லை, கர்த்தாவே, என் ஜெபா இல்லை என்று கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தாள். கட்டைவிரல் மட்டும் பழக்கத்தில் அடுத்த கணுவுக்கு நகர்ந்தது.

"வெக்கிறேன்" என்றாள் ஜாக்குலின்.

போனை அணைத்துவிட்டு ஓடிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நான்கு அடி இருந்தது.