லோஜினியின் குரல், இறக்கையும் வாலும் உட்பட

எனக்கு விமானத்தில் ஏறப் பயம், ஐயா. றொசல்ல பக்கத்து வளைவில் ரயில் சாயும்போதே கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவன் எதற்காகக் கணினியில் விமானம் ஓட்டும் சிமியுலேட்டர் செய்தான் என்று மத்தியஸ்த சபை கேட்பது நியாயம்தான். நாற்காலியை விட்டு எழும்பாமல் பறக்கலாம் என்பதால்தான்.

தலவாக்கலையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருட உழைப்பு. நம்ம மலை, நீர்த்தேக்கம், தேயிலை, அதற்கு மேலே ஒரு குட்டி விமானம். நிஜ விமானம் ஒன்றைப் பார்த்து அச்சு அசலாகச் செய்திருந்தேன். அதைத் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெயர், மூக்கு, இறக்கை, வால் எல்லாம் அவர்களுடைய சொத்தாம். உரிமம் வாங்காமல் தொடக்கூடாதாம். ஒரு வாலுக்கா இவ்வளவு என்று மனம் நொந்துபோனேன். பெயரை அழித்தேன், மூக்கை மழுக்கினேன். கடிதத்தைப் பத்திரப்படுத்தினேன். நல்ல எழுத்து யாரிடமிருந்து வந்தாலும் படிக்க வேண்டும்.

விமானி அறைக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. இறங்கும்போது உயரத்தைச் சொல்ல வேண்டும். மலையில் மோதப் போனால் "மேல தூக்குங்க" என்று எச்சரிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் லோஜினியை அழைத்தேன். ராகலைக்கு இனி பஸ் இல்லை என்று அவள் சொன்னால்கூட யாருக்கும் கோபம் வராது. ஒரு பின்னேரம் வந்து, ஒன்றிலிருந்து நூறு வரை, பிறகு நூறு நூறாக ஆயிரம் வரை பதிந்து தந்தாள். உரிமப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாள். கம்பெனிக் கடிதத்தை வைத்து, விமானம் என்றிருந்த இடத்தில் குரல் என்று மாற்றித் தயாரித்த பத்திரம் அது. ஓரிடத்தில் மட்டும் கவனிக்காமல் விட்டதால், அவளுடைய குரல், இறக்கையும் வாலும் உட்பட, நிரந்தரமாக எனக்குச் சொந்தம் என்றிருக்கிறது. இறக்கையையும் வாலையும் நான் இதுவரை கோரவில்லை.

சிமியுலேட்டர் நன்றாகப் போனது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது, ஹட்டன் பஸ் இரண்டே காலுக்கு என்று அவள் அறிவிப்பது கேட்டது. இரண்டு என்னுடையது. பண்பான முறையில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். பயந்துபோய், சில நாள் எண்களே இல்லாமல் சமாளித்தாள். "ஹட்டன் பஸ் டீக்கடைக்கு முன்னால நிக்குது, இன்னும் கொஞ்சத்துல போயிரும்." நிறையப் பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். டைம்கீப்பர் தலையில் கை வைத்தார். நான்தான் வழி சொன்னேன். பதிந்த குரலைக் கணினிக்குப் பழக்கி, ஊர்ப் பெயர்கள் உட்பட எல்லா அறிவிப்பையும் அதே குரலில் அதுவே செய்யும்படி அமைத்துக் கொடுத்தேன்.

அவளுடைய வேலையைப் பறித்தேன் என்கிறார்கள். குரல் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறது, ஐயா. லீவுகூட எடுப்பதில்லை.

அவள் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"எங்கொரல்ல நானே பேசக்கூடாதுன்னா, யாரு வாயால நான் சோறு கேக்குறது?"

எழுதித் தரச் சொன்னேன். அவளுடைய எழுத்துக்கு நான் உரிமம் வாங்கவில்லை. இன்றைக்கு அவள் சபையில் பேசுவதற்கும் நான் ஆட்சேபிக்கவில்லை. எண்களைத் தவிர்த்தால் போதும் என்றேன்.

கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். செய்தது நான்தான். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்கு அது விளங்காது என்பது எனக்குத் தெரியும். எண்களையும் எச்சரிக்கையையும் பஸ் ஸ்டாண்டையும் திருப்பித் தருகிறேன். இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வரியை மட்டும் கேட்காதீர்கள். விமானம் பத்திரமாக இறங்கியதும் வருவது: "நல்லா எறக்கினீங்க, சுதாகரன்." விற்ற பிரதிகளில் அது இல்லை, என் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டு தடவை பதிந்தோம். பன்னிரண்டு தடவையும் அவள் "சுதாகரன் அண்ணே" என்றுதான் முடித்தாள். கடைசிச் சொல்லை நான் வெட்டிவிட்டேன்.

அது முழுக்கத் தொழில்நுட்பக் காரணம், ஐயா.