பேர் வைக்காத பிள்ளை

— இன்னொரு தடவை போயிக் கேளுண்ணே. கால்ல விழுந்தாவது கேளு.

— விழுந்துட்டேன் நாகு. முட்டியில மணலு சுட்டதுதான் மிச்சம். கழுத, அந்த விசா ஆபீசரு தாளை விட்டுக் கண்ணை எடுக்கல.

— முடிவா என்னதான் சொல்றாரு?

— நீ கப்பலேறலாமாம். பிள்ளை ஏறக்கூடாதாம்.

— ஆறு மாசப் பிள்ளைண்ணே! மாரை விட்டு இறங்காத பிள்ளை!

— எல்லாஞ் சொல்லிப் பாத்துட்டேன். சிலோன்ல இருந்து வாரப்ப ஒத்த ஆளு, திரும்பிப் போறதுக்கும் ஒத்த ஆளுக்குத்தான் விசா, பாஸ்போட்டுல பிள்ளை பேரே இல்ல, நடுவுல வந்த ஆளை நான் எப்படி ஏத்தங்கிறாரு.

— நடுவுல வந்த ஆளா? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவ வேற எப்படித் திரும்புவா? அன்னைக்கு இதே கொட்டகையில எம் வயித்தைப் பாத்துட்டுத்தானே நாக்காலி போட்டு ஒக்கார வச்சாங்க.

— வயித்துல இருக்கிற வரைக்கும் விசா வேணாமாம். வெளிய வந்துட்டா வேணுமாம். வெள்ளைக்காரன் இருந்தப்ப ரயில் டிக்கெட்டை நீட்டிட்டுக் கப்பல்ல ஏறிப் போனோம். இப்ப அக்கரை வேற நாடாம், கழுத. பிள்ளை பொறந்ததுமே பேரை எழுதிப் போட்டு, பாஸ்போட்டுல சேத்திருக்கணுமாம்.

— எந்தப் பேரை எழுத? பொறப்புக் கணக்கு எழுதுற கிராமுன்சு வீடு தேடி வந்து கேட்டாருல்ல? அப்பன் மடியில ஒக்கார வைக்காம எங்க வீட்டுல பேரு வைக்கிறதில்லன்னு மீசையை முறுக்கினது யாரு?

— நான்தான். அய்யா காலத்துலருந்து அப்படித்தானே? குலசாமி கோயில் பிடிமண்ணை உன் முந்தியில முடிஞ்சு விட்டிருக்கேன். தோட்டத்துக்குப் போயி, அந்த மண்ணை வச்சுக் கும்பிட்டு, அப்பன் மடியில வச்சுப் பேரு விடுவீகன்னு நினைச்சேன். இதுக்குள்ள ஒரு விசா வந்து நிக்கும்னு எனக்கென்ன தெரியும்?

— நாளைக்குப் போனா?

— இன்னையோட உன் தவணை முடியுது. நாளைக்கு இது வெறுந்தாளு. ஒண்ணு செய்யி. பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போ. உம் மதினி ஆட்டுப்பாலு காய்ச்சிக் குடுப்பா.

— மதினியா? பெத்த நாலையே தெருவுல விட்டுட்டுத் தூங்குறவ.

— அப்ப நீயும் நின்னுரு.

— நின்னா அந்த மனுசன்? தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல ஒத்தையாப் பொங்கித் தின்னுக்கிட்டு, நாளை எண்ணிக்கிட்டுக் கெடக்காரு. இன்னும் பிள்ளை மூஞ்சியைக்கூடப் பாக்கலண்ணே. இன்னைக்கு விட்டா மறுபடி எப்ப விசா குடுப்பான்? குடுப்பானா?

— கேளு தாயி. முதல்ல பிள்ளையை இப்படிக் குடு. நீ இறுக்குற இறுக்குல அதுக்கு மூச்சு முட்டுது.

— நீங்க யாருக்கா?

— ராக்கு. வாலிநோக்கம். மண்டபத்துலருந்து எதுத்த பெஞ்சுலதானே வந்தேன்? நானும் இந்தக் கப்பலுக்குத்தான். அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிறதை எம்புட்டு நேரந்தான் கேட்டுக்கிட்டு இருக்க?

— கேட்டீகள்ல? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

— நியாயத்தை ஆரு கண்டா? எம் பாஸ்போட்டுல பிள்ளை இருக்கு தாயி. கையில இல்ல.

— எங்க விட்டுட்டு வாரீக?

— உப்பளத்துக்கு மேற்கால. உடைமரத்தடியில.

— அய்யோ.

— உன்னை மாதிரித்தான் நானும் பிரசவத்துக்கு வந்தேன். பிள்ளைக்கும் சேத்துப் புதுசா விசா எழுதிப் போட்டோம். வந்துச்சு. வந்த மறுவாரம் வயித்தாலயும் வாயாலயும் போயி, ஒரே ராத்திரியில துவண்டுருச்சு. தாளுல மட்டும் அப்படியே இருக்கு. முத்தழகு, பொம்பளைப் பிள்ளை. அந்தப் பேரை அடிச்சு வாங்கிட்டு வான்னு ஊர்ல சொன்னாங்க. அடிக்க மனசு வரல.

— உங்க வீட்டுக்காரரு பிள்ளையைப் பாத்தாரா?

— எங்க பாக்க? கொழும்புத் துறைமுகத்துல மூட்டை தூக்குறாரு. பேரு மட்டும் அவரு கடுதாசியில எழுதி அனுப்புனது. அவுக ஆத்தா பேரு.

— எப்படித்தான் தாங்குனாரோ பாவம்.

— அதை விடு. முதல் சங்கு ஊதிட்டான் பாரு. கேளு தாயி, உன்னுதும் பொம்பளைப் பிள்ளைதான், எம் பிள்ளைக்கு உம் பிள்ளையை விட ரெண்டு மாசந்தான் மூப்பு. எவன் பல்லைப் பிடிச்சுப் பாக்கப் போறான்?

— ஏந்தாயி, நீங்க என்ன சொல்ல வாரீக?

— என்ன சொல்ல வாரேன்னு உங்க தங்கச்சிக்கு விளங்கிருச்சு. அவ மூஞ்சியைப் பாருங்க.

— நாகு, வேணாம். மாட்டுனா ராமநாதபுரம் செயிலுல களி திங்கணும். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட பிள்ளையைக் குடுக்கிறதாவது, கழுத!

— நான் எங்கிட்டு ஓட அண்ணாச்சி? கப்பலைச் சுத்தித் தண்ணி. இவளும் அதே கப்பல்லதானே வாரா?

— சும்மா யாரு செய்வா? உங்களுக்கு என்ன வேணும்?

— ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட அந்தக் கரையில இறங்கப் பயமா இருக்கு. அம்புட்டுத்தான்.

— அழுகுதுண்ணே. பசி. காலையிலருந்து இந்த மன உளைச்சல்ல எனக்குப் பாலே இறங்கல.

— இப்படிக் குடு. எனக்கு இன்னும் வத்தல. துணியை நனைச்சுக்கிட்டுக் கெடக்கு. குடு தாயி.

— குடிக்குதாக்கா?

— குடிக்குது. குடிக்குது. எம்மா, என்ன வேகம்! மெதுவா, மெதுவா, எங்கயும் ஓடிப் போகாது.

— நாகு, நல்லா ரோசிச்சுக்க.

— ரோசிக்க நேரம் எங்கண்ணே இருக்கு? ரெண்டாஞ்சங்கும் ஊதிட்டான். நீ இங்கன நிக்காத. அந்தத் துணி மூட்டையைப் பிள்ளை கணக்காத் தோள்ல சாச்சு, மேல துண்டைப் போட்டுக்கிட்டு ரயிலைப் பாக்க நட. கொட்டகையிலருந்து பாத்தா நீ பிள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரித் தெரியணும்.

— மூட்டையைக் கொஞ்சிக்கிட்டுப் போகச் சொல்ற.

— கொஞ்சு. தட்டிக் குடு. திரும்பிப் பாக்காத, பாத்தா நான் அழுதுருவேன். போண்ணே!

— போறேன். தலைமன்னாருக்கு உம் புருசன் வரமாட்டாராக்கும்?

— தோட்டத்துல லீவு குடுக்கல. நான் மட்டுந்தான் ரயிலேறி அப்புத்தளைக்குப் போகணும். நீ போ!

— வா தாயி. எனக்குப் பின்னால ரெண்டு ஆளை விட்டு நில்லு. பிள்ளை என்ன கத்துனாலும் கையை நீட்டிறாத.

— சரிக்கா.

— கும்பிடுறேன்யா. ராக்குங்க. வாலிநோக்கம். ஆமாய்யா, பிள்ளையோடதான். முத்தழகு, பொம்பளைப் பிள்ளை. இல்லய்யா, நோஞ்சான்தான். எங்க வழியில எல்லாருமே மெதுவாத்தான் தேறுவோம். பேரைச் சொல்லிக் கூப்பிடவா? முத்தழகு! ஏ முத்தழகு! பாத்தீகளா, திரும்பிப் பாக்குது. பின்னால அழுகிற பொண்ணா? எனக்கு யாருன்னு தெரியாதுங்கய்யா. பிள்ளையை விட்டுட்டுப் போறா போல.

— நாகலெட்சுமிங்க. அபிராமம். ஒத்த ஆளுதாங்க. ஆமாங்க, அவரு எங்க அண்ணன்தான். அந்தா, தூக்கிட்டுப் போறாருல்ல? இல்லங்க, அழுகல. மணலு கண்ணுல விழுந்துருச்சு.

— வந்துட்டியா? இந்த மூலையில ஒக்காரு. காத்து அடிக்காது.

— கப்பல் நகருதாக்கா?

— நகருது. அங்க பாரு, உங்க அண்ணன் இன்னும் மூட்டையைத் தட்டிக் குடுத்துக்கிட்டுப் போறாரு.

— பாவம், எங்கண்ணன். பிள்ளையைக் குடுங்கக்கா.

— இப்பத்தான் கண்ணசந்துச்சு.

— பரவால்ல, குடுங்க. மாரு கட்டிக்கிட்டு வலிக்குது.

— எனக்கும் இம்புட்டு நாளா அப்படித்தான் வலிச்சுச்சு தாயி. செத்த பொறு. மேல வெள்ளைச் சட்டைக்காரன் நின்னு பாக்குறான். முத்தழகுன்னு கூப்பிட்டா சிரிக்குது, பாத்தியா?

— அது பேரு முத்தழகு இல்லக்கா.

— வேற பேரும் இல்லையே.

— எங்கப்பன் வீட்டுப் பிடிமண்ணு முந்தியில இருக்கு. எங்க வீட்டுக்காரரு மடியில வச்சு அவரு பேரு வைப்பாரு. அக்கா, அக்கரையில எங்கன வச்சுக் குடுப்பீக?

— அங்கயும் கொட்டகை இருக்கு. அங்கயும் தாளைப் பாப்பான்.

— பாத்து முடிச்சு வெளிய வந்ததும் குடுத்துருவீகள்ல?

— வெளிய வந்தா வாசல்லயே எங்க வீட்டுக்காரரு நிப்பாரு.

— நிக்கட்டும். அவருகிட்ட நானே கும்பிட்டுச் சொல்றேன். பிள்ளையைப் பறிகுடுத்த மனுசன், அவருக்குத் தெரியாதா? ஏன் பிள்ளையை இறுக்குறீக? அக்கா, என்னைப் பாருங்க.

— வெள்ளியில கொலுசு செஞ்சு வச்சிருக்காராம். நேத்து வந்த கடுதாசியில எழுதியிருந்தாரு.

— யாருக்குக் கொலுசு?

— கேளு தாயி. முத்தழகு செத்ததை நான் இன்னும் அவருக்கு எழுதல.