மாத்திரை கலக்காத சூப்

உப்பு போடுவதில் என் கை தப்பாது என்று அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருமே சொல்வார்கள், விசாரித்துப் பாருங்கள் ஐயா. நான் சமையலறைக்குப் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு தட்டுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. பாதி சாப்பிட்ட தட்டுகள் வரும். ஆனால், "நல்லா இருந்துச்சு மாஸ்டர், வயித்துலதான் இடமில்ல" என்ற சொல்லோடு வரும். எனக்கு அது போதும்.

போன மழைக்காலத்தில் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பலருக்குத் துத்தநாகச் சத்து குறைவு, பசியில்லாததும் புண் ஆறாததும் நாக்கில் ருசி தெரியாததும் அதனால்கூட இருக்கலாம் என்றார். ஜிங்க் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. அதனால் பொடித்து மாலை சூப்பில் கலக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் சிரத்தையாகத்தான் கலந்தேன்.

சில வாரங்களில் அவர்களுக்கு ருசி திரும்பிவிட்டது.

ஜன்னலோரக் கட்டில் டீச்சரம்மாதான் ஆரம்பித்தார். அதுவரை என்னை வாய் நிறைய வாழ்த்திக்கொண்டிருந்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, கோவிச்சுக்காத. இத்தனை நாளும் இதையா குடிச்சேன்?"

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். மறுநாள் பக்கத்து மேசைக்காரர் காய் வேகவில்லை என்றார். இன்னொருவர் எண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். குறை சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார்கள், உடம்பும் தேறியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இத்தனை வருடமும் என்னைப் பாராட்டியவை ருசி செத்த நாக்குகள் என்று தெரிந்தபிறகு, கரண்டியைப் பிடிக்கவே கை கூசியது.

சமையலைத் திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். மாத்திரையை நிறுத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது. டீச்சரம்மாவுக்கு மட்டும் நிறுத்தினால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று எல்லோருக்குமே நிறுத்தினேன். நர்ஸ் சிஸ்டர் எட்டிப் பார்ப்பார் என்பதால் பொடிப்பதை மட்டும் விடவில்லை. பொடித்துத் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன்.

மெல்ல மெல்லக் கூடம் பழையபடி அடங்கியது. டீச்சரம்மாவின் குதிகாலில் ஆறிக்கொண்டு வந்த புண் மட்டும் மறுபடி வாய் திறந்தது. ஒரு மாலை அவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த மாத்திரை போடுறியா? மறுபடியும் நாக்குல ஒண்ணும் தெரியலப்பா. பயமா இருக்கு."

"போடுறேன்மா. குடிங்க."

என்னை நம்பிக் குடித்தார். புண் ஆறவில்லையே என்று டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார். அதையும் பொடித்துக் கொட்டினேன். சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, டீச்சரம்மா போய்ச் சேர்ந்தார். அவர் பிடித்த கையை இப்போதும் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். வயசாகிவிட்டது, போகிற காலம் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவரைக் கொன்றது நான்தான்.

ஆனால் என் சமையலில் ஒரு குறையும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை ஐயா. எனக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்துவிடும்.