போனதாகச் சொன்னவர்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால், தகப்பனுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியவரும். சில வேளை தகப்பனுக்கு முதலே தெரிந்துவிடும். மாதாமாதம் ஊழியர்களுக்காக ‘வளாக மடல்’ என்று ஒரு தாள் போடுகிறோம், ஐயா. முன்பக்கத்தில் பதவி வெற்றிடங்கள், புலமைப்பரிசில்கள், வெளியூர்க் கற்கைநெறிகள். பின்பக்கத்தில் கல்யாணம், பிறப்பு, இடமாற்றம், யார் எங்கே போய் வந்தார் என்ற புதினங்கள். பெரிய பெரிய விரிவுரையாளர்களும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பிறகு முன்பக்கத்துக்கு வந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் லெஸ்லி. அந்தத் தாளைத் தொடங்கிய நாளிலிருந்து எழுதுகிறவன் நான்தான். அப்போது பிரதம இலிகிதர், இப்போது உதவிப் பதிவாளர். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க நீங்கள் திருகோணமலைக்கு வருகிறீர்கள் என்று அறிந்ததும், புஸ்பராணி என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறாள். தன் புருஷன் சோமசேகரத்துக்காக ஓடித் திரிந்தவர் லெஸ்லி அண்ணன் ஒருவர்தான் என்று உங்களிடமும் சொல்லியிருப்பாள். ஓடித் திரிந்தது உண்மைதான்.

சோமசேகரம் கிளிவெட்டிப் பொடியன். வளாகத்துக்கு வேலைக்கு வந்தபோது கடிதம் எழுதக்கூடத் தெரியாது. மேலே யாருடைய பெயர், கீழே யாருடைய பெயர் என்று தடுமாறுவார். பழக்கி எடுத்தவன் நான். மத்தியானச் சாப்பாட்டை என்னுடைய மேசையில் வைத்துத்தான் பிரிப்பார். அவருக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. மடலில் முன்பக்கத்தை முதலில் வாசிக்கும் ஆள் எங்கள் வளாகத்தில் அவர் ஒருவர்தான்.

அப்படி வாசித்துத்தான் கண்டியில் நடந்த நிர்வாகப் பயிற்சியைக் கண்டுபிடித்தார். ஆறு மாதம், சம்பளத்துடன் விடுப்பு. அந்த அறிவித்தலைப் போட்டவனும் நான்தான். அடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில் போட்டிருந்தேன். போட வேண்டியது கடமை, எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது கடமை அல்ல. நான் விண்ணப்பிக்கவில்லை. அந்த வயதில் கண்டிக் குளிரில் போய், பெடியங்களோடு வகுப்பு வாங்கில் இருந்து படிக்க என்ன தேவை? உதவிப் பதிவாளர் பதவி சேவைக்கால மூப்பின்படிதான் கொடுபடும் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மனைவி மக்டலின் அந்தக் காலத்திலேயே கோவிலில் உதவிப் பதிவாளரின் மனைவி மாதிரித்தான் முன்வரிசையில் இருக்கத் தொடங்கியிருந்தாள்.

பதவி வெற்றிடம் வந்தபோது தகைமை மாறியிருந்தது. நிர்வாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை என்று கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள். அதையும் நானே தட்டச்சுச் செய்து முன்பக்கத்தில் போட்டேன். அடுத்த கிழமை சோமசேகரம் கண்டியிலிருந்து வந்து இறங்கினார். கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் சிங்களமும் பழகி, எனக்கு ஒரு போத்தல் தேன் மாதிரியான கித்துள் பாணியும் கொண்டுவந்திருந்தார். வளாக முதல்வர் என்னைக் கண்டு சிரித்து, போட்டிக்கு ஆள் வந்துவிட்டதே லெஸ்லி என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அப்போது அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த மாத மடலின் பின்பக்கத்தில் அவருடைய செய்தி வரவேண்டும். வழக்கப்படி என்றால் இப்படி வந்திருக்கும்: “கண்டியில் ஆறு மாத நிர்வாகப் பயிற்சியை முடித்துக்கொண்டு திரு. சோமசேகரம் கடமைக்குத் திரும்பியுள்ளார்.” நான் எழுதியது இது: “ஆறு மாதப் பயிற்சியை முடித்துக்கொண்டு கிளிவெட்டியைச் சேர்ந்த திரு. சோமசேகரம் திரும்பியுள்ளார்.”

ஐயா தமிழ் ஆள்தானே, இந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பயிற்சி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருவன் பயிற்சிக்குப் போய்விட்டான் என்றால், என்ன பயிற்சி, எங்கே என்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள். பிள்ளை ஆயுதம் பழக இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். இடம் காணாமல் கண்டி, நிர்வாகம், கடமை என்ற மூன்று சொல்லையும் விட்டேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆமிக்காரர் சந்தேகப்படும் ஊரான கிளிவெட்டியைப் போட இடம் இருந்திருக்கிறது.

ஸ்ரென்சிலைப் பிரதி எடுக்கும் ரோனியோ மெசினில் ஏற்றுகிறவர் சரீப். கிண்ணியாக்காரர், வாய் திறக்காத மனுஷன். அன்றைக்கு ஸ்ரென்சிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சேர், என்ன பயிற்சி, எங்க எண்டு இல்லயே. ஓரத்தில எழுதி உடட்டா?”

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, கையெழுத்து விழுந்தால் வடிவு கெட்டுவிடும் என்றேன். அவர் ஸ்ரென்சிலை மெசினில் ஏற்றினார். பிறகு கைபிடியைச் சுற்றத் தொடங்கினார். அந்த வருஷமே கிண்ணியாப் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். போகும்போது எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். மடலை அறிவித்தல் பலகையில் குத்துவதற்கு முதல், ஒரு பிரதியை இராணுவ முகாமுக்குக் கொடுக்கவேண்டும். அது அந்தக் காலத்து ஒழுங்கு. அங்கே தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசிப்பார், ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார். கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்தான். அந்த மாதமும் கொடுத்தேன். இரண்டு கிழமை பிடித்து வைத்து விசாரிப்பார்கள், பதவிக்கான நேர்முகப் பரீட்சை முடிந்துவிடும், பிறகு விட்டுவிடுவார்கள், இதுதான் என் கணக்கு. அவருக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்று அன்று பின்னேரம் அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். மனதாரத்தான் கொளுத்தினேன்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை விட்டுப் போகும் வழியில் சந்தையடியில் ஒரு வானில் வந்தவர்கள் சோமசேகரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். சீருடை இல்லை. புஸ்பராணி பொலிசுக்குப் போனபோது ‘இனந்தெரியாதோர்’ என்று எழுதிக்கொடுத்தார்கள். அது உங்களுக்கு முன்னால் இருக்கும் முறைப்பாட்டிலும் இருக்கிறது.

அடுத்த நாள் காலை முகாமிலிருந்து வாயிலுக்கு ஆள் வந்தது. மடல் சம்பந்தமாகக் கதைக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வரட்டுமாம். முதல்வர் கொழும்பில். மடல் என்றால் நான்தானே. சைக்கிளில் போனேன். விசாரிக்க வளாகத்துக்கு வந்திருந்த புஸ்பராணி என் பின்னால் வாயில் வரைக்கும் ஓடிவந்து, அங்கே அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வரச்சொன்னாள். வயிற்றில் பிள்ளை.

அவர் அங்கேதான் இருந்தார், ஐயா.

சார்ஜன்டின் அறைக்குள் சுவரோரம் ஒரு நீட்டு மர வாங்கில் இருந்தார். உதடு வீங்கியிருந்தது. சேட்டில் பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? பிழைத்தேன் என்று நினைத்த முகம். கட்டியிருந்த கையோடு, நான் பக்கத்தில் இருக்கட்டும் என்று வாங்கில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். நான் இருக்கவில்லை.

சார்ஜன்ட் மடலை எடுத்து மேசையில் வைத்து, அந்த வசனத்தில் விரலை ஊன்றினார். கண்டியில் படித்ததாக இவர் சொல்கிறார், சான்றிதழ் கேட்டால் இன்னும் தபாலில் வரவில்லை என்கிறார் என்று சொல்லிவிட்டு, மரியாதையாகத்தான் என்னிடம் கேட்டார்.

“இவர் கண்டி போனது உண்மையா?”

ஓம் என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல் போதும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நேர்முகப் பரீட்சை வியாழன்.

“கண்டிக்குப் போனதாச் சொன்னவர், சேர்” என்றேன்.

அது பொய் இல்லை. அவர் அப்படித்தான் சொன்னார். தமிழில் எழுதிப் பிழைத்தவன் நான். போனவர் என்பதற்கும் போனதாகச் சொன்னவர் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். சார்ஜன்டுக்கும் தெரிந்திருந்தது. விரலை மடலில் இருந்து எடுத்தார்.

சோமசேகரத்தின் சிரிப்பு உடனே மறையவில்லை. நான் இன்னும் முடிக்கவில்லை, அடுத்த வசனம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்று கண்டதும் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணன், நீங்கள்தானே விடுப்புக் கடிதம் அடிச்சுத் தந்து அனுப்பினனீங்கள்?”

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

“கடிதம் குடுத்தது உண்மை, சேர். அங்கதான் போனவரோ எண்டு நான் கண்ணால காணேல்லைத்தானே.”

நான் வெளியே வரும்போது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விட்ட இடத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது அப்படியே வெறுமையாக இருந்தது.

வளாக வாயிலில் புஸ்பராணி வெயிலுக்குள் நின்றாள்.

“அண்ணன், கண்டனீங்களே?”

கண்டேன் என்று சொன்னால் முதல்வருக்குத் தொலைபேசி போகும். முதல்வர் கொழும்பில் பெரியவர்களைப் பிடிப்பார். புதன்கிழமையே ஆள் வெளியில் வந்துவிடுவார், வியாழக்கிழமை வீங்கிய உதட்டோடு நேர்முகப் பரீட்சைக்கும் வந்து இருப்பார். இதெல்லாம் அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது.

“இல்லைத் தங்கச்சி. அங்க அப்பிடி ஒருத்தரும் இல்லையாம்.”

வியாழக்கிழமை இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். ஒன்றில் நான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக முகாமுக்குப் போனேன். கண்டியில்தான் படித்தார், அனுப்பியவன் நான், கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்பவேண்டும். சார்ஜன்ட் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். வாங்கைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். சோமசேகரம் என்று ஒருவரை நாங்கள் கொண்டுவரவே இல்லை என்றார்கள். புஸ்பராணியிடம் நான் சொன்ன பொய், மூன்று நாளில் உண்மையாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு நான் போகாத இடம் இல்லை. மட்டக்களப்பு, வவுனியா, பூசா, களுத்துறை. ஒவ்வொரு சிறை வாசலிலும் அவள் படத்தைக் காட்டிக் கேட்பாள், நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் எங்கே இருந்தார் என்று தெரிந்துகொண்டே, அவர் இல்லாத இடங்களிலெல்லாம் அவளோடு சேர்ந்து தேடினேன். அவளுக்கு வளாகத்தில் வேலை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்கு ஞானத்தந்தை மாதிரி இருக்கிறேன், அவர்கள் சைவம் என்றாலும். இவ்வளவும் செய்தவனைக் கெட்டவன் என்று சொல்ல ஏலுமா என்று சில வேளை யோசிப்பேன்.

நான் நல்லாய் இருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். சீனன்குடாவிலிருந்து திருகோணமலை ரவுணுக்கு பஸ்ஸில் வரும்போது யாராவது தள்ளி எனக்கு இடம் விட்டால் காணாத மாதிரிக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். எத்தனை இருக்கை வெறுமையாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவேன். முழங்கால் வருத்தக்காரன் ஏன் நிற்கிறான் என்று கொண்டக்டர் கேட்டுக் களைத்துவிட்டான். மடலில் பயிற்சி என்ற சொல்லை நான் பிறகு எழுதியதே இல்லை; செயலமர்வு என்று போடுவேன், கற்கைநெறி என்று போடுவேன். மாதத்தின் முதல் வெள்ளியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய் சொன்னேன் சுவாமி என்று சொல்வேன். என்ன பொய் என்று சுவாமி ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று மரியே வாழ்க சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சோமசேகரத்தைக் கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று முதன்முதலாகக் கேட்டது நீங்கள்தான்.

ஆகவே, ஐயா, அந்த முறைப்பாட்டில் ‘இனந்தெரியாதோர்’ என்று இருப்பதை வெட்டிவிடுங்கள். நான் அவரை எழுதிக் காட்டிக்கொடுத்தேன். பிறகு நேரே பார்த்துக் காட்டிக்கொடுத்தேன். பிறகு அவர் இருந்த இடத்தை மறைத்தேன். இவ்வளவும் பதவிக்காக. எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புஸ்பராணி வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது, என்னோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும். இது ஒன்றையும் அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள். இந்த உலகத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு ஒருவரும் இல்லை.