கதிர்வீச்சு இப்படிச் சுடாது

எனக்கு அறிவியல் கதைகள் பிடிக்காது. அத்தான் தன் கதையைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். கதையில் மயங்குகிறவர்கள் கண்ணில் பிழை படாது.

நான் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளர். எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்த இடத்தில் என்று கணக்குப் போடுவது என் வேலை. அத்தான் என் அக்காவின் கணவர். பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுபவர். விடுமுறை நாட்களில் கதை எழுதுவார். இந்த முறை ஓர் அணு உலை வெடிக்கும் கதை.

"என்ன தணிக்கை, இந்த வாரம் எத்தனை வெட்டு?" என்று கேட்டுக்கொண்டேதான் என் அறைக்குள் வருவார். தணிக்கை என்பது எனக்கு அவர் வைத்த பெயர்.

வெட்டு நிறையவே விழுந்தது. உலையை அவர் அணுகுண்டு மாதிரி வெடிக்க வைத்திருந்தார். உலையின் எரிபொருளுக்கு அந்தச் செறிவு கிடையாது என்று எழுதினேன். தண்ணீர் வற்றியதும் தொடர்வினை வெறிபிடித்து ஓடுவதாக ஓர் இடம் வந்தது. அவர் சொன்ன வகை உலையில் தண்ணீர் போனால் தொடர்வினை நின்றுவிடும். சூடுதான் நிற்காது. பிளந்த அணுக்களின் மிச்சம் சிதைந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடே எரிபொருளை உருக்கிவிடும்.

"அணைச்ச பிறகும் உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருக்குமா? நம்ம வீடு மாதிரின்னு சொல்லு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு தொழிலாளி வருகிறான். தரையில் கிடக்கும் உருண்டையான உலோகத் துண்டைக் கையில் எடுக்கிறான். அந்த நொடியே கை பொசுங்குகிறது. கதிர்வீச்சு இப்படிச் சுடாது என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். எடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். சில நாள் கழித்துத்தான் தோல் சிவந்து, கொப்பளித்து, உரியும்.

அடுத்த வரிகளில் காயத்தை வர்ணித்திருந்தார். ஒரு முனை கூர்மை, மறுமுனை அகலம், நடுவில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். தோல் முதலில் வெளுத்து, சுருங்கி, துணியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. முதல் கணம் சில்லென்றுதான் இருந்தது என்கிறான் அந்தத் தொழிலாளி. உருண்டைத் துண்டு அந்த வடிவத்தில் சுட முடியாது. நீராவி இஸ்திரிப் பெட்டிக்குத்தான் அந்த வடிவம் உண்டு.

அணுவைப் பற்றி ஒரு வரிகூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர் இதை மட்டும் பிசகில்லாமல் எழுதியிருந்தார். கண்ணால் பார்க்காமல் முடியாது. அந்த வீட்டில் இருப்பது அவரும் அக்காவும்தான்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவளுக்கு போன் செய்தேன்.

"அக்கா, அத்தான் கதையில சூடு வைக்கிறத பத்தி எழுதியிருக்காரு. வீட்டுல ஏதாவது நடக்குதா?"

"என்ன எழுதியிருக்காரு? வேற யாருக்காவது படிக்கக் கொடுத்தாரா?" என்று கேட்டாள். பாவம், மானத்துக்குப் பயப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் மதியம் அத்தான் வந்தார். என் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. சுவர்கள் கதிரையே வெளியே விடாதவை, சத்தத்தை எங்கே விடப்போகின்றன. அவருடைய பக்கங்கள் பறக்காமல் இருக்க ஓர் ஈயக் கட்டியை வைத்திருந்தேன். கதிரைத் தடுக்க நாங்கள் பயன்படுத்துவது. பார்க்கச் சின்னது; தூக்கினால் கை இறங்கிவிடும்.

"இந்தக் காயத்தை எங்க பாத்தீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "அது கற்பனைம்மா."

"உங்க கற்பனை எப்பவும் தப்பாதான் இருக்கும் அத்தான். இது சரியா இருக்கு."

தலையைக் குனிந்துகொண்டார். "உனக்குப் புரியும்னுதான் உன்கிட்ட கொடுத்தேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? கட்டியை எடுத்து அடித்தேன். காதுக்கு மேலே எலும்பு உள்வாங்கியது கையில் தெரிந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். தடுக்கக் கையைத் தூக்கினார். பித்தான் தெறித்து, சட்டைக் கை முழங்கைக்குச் சரிந்தது.

கையெல்லாம் தழும்பு. வெளுத்துப்போன பழையவை, சிவந்த புதியவை, ஒன்று இன்னும் காயவே இல்லை. கூர்முனை, அகலம், புள்ளிகள். சட்டை ஏறிப்போயிருந்த முதுகிலும் அப்படியே.

"அவதான். உங்க அக்காதான்," என்றார். வாயில் ரத்தம் இருந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது.

அப்போது அவருக்கு உயிர் இருந்தது. இரண்டு மாடி ஏறினால் அறுவை சிகிச்சை அரங்கு. நான் குரல் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால் அதையே ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அக்காவைப் பற்றி அப்படி ஒரு பேச்சைக் கிளம்ப விடலாமா? அதனால் மறுபடி அடித்தேன், இந்த முறை வாயின் மேல். பற்கள் தரையில் சிதறின. பேச்சு நின்ற பிறகும் உதடு அசைந்தது. அது அசையாமல் போகும்வரை அடித்தேன்.

என் வாக்குமூலத்தில், ஆத்திரத்தில் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் விழுந்தது முதல் அடி மட்டும்தான். மற்றவை தெரிந்து, நிதானமாகச் செய்தவை.

அந்தச் சூடுகளை அவரே தனக்கு வைத்துக்கொண்டிருப்பார். எழுதுகிறவர்கள் அனுபவத்துக்காக எதையும் செய்வார்கள். முதுகில் எப்படி என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. அக்கா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. துக்கத்தில் இருப்பாள்.

நேற்று உங்கள் மருத்துவர் என்னைப் பரிசோதித்தபோது, என் தொடையில் உள்ள தழும்பைப் பார்த்துவிட்டு, அதை அளந்து குறித்துக்கொண்டார். அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம். சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியின் மேல் நானே போய் விழுந்தேன். எனக்கு நினைவில்லை. அக்காதான் சொல்லியிருக்கிறாள்.