ஏசாவுக்கு வார்த்த குண்டு

ஈயம் உருக்க ஹிக்கரி விறகுதான் நல்லது, ஷெரிஃப். நின்று எரியும். இந்த டென்னசி மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து வீட்டுக்கு வேண்டிய குண்டுகளை நான்தான் வார்க்கிறேன்.

என் பிள்ளைகள் இருவரையும் உங்களுக்குத் தெரியும். மூத்தவன் ஏசா, முதல் புருஷனுக்குப் பிறந்தவன். அந்த மனிதர் அடித்ததில் என் இடது காது போயிற்று. ஏசா அவரை உரித்து வைத்திருப்பான். அது அவன் குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இளையவன் லெம், இரண்டாம் புருஷனுக்குப் பிறந்தவன்.

சோளக்காட்டில் புகுந்த லெம்மின் குதிரையை ஏசா சுட்டுவிட்டான். லெம் அவனை ஊர் நடுவில் மறித்தான்.

"உங்கப்பன் பொம்பளைய அடிச்சான். நீ குதிரையச் சுட்டே."

சொல்லிவிட்டு அண்ணன் முகத்தில் துப்பினான். ஆற்றங்கரையில் கைத்துப்பாக்கியால் தீர்த்துக்கொள்வது என்று ஆனது. நான் எவ்வளவோ கெஞ்சினேன். ஒருவன் வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்த துப்பாக்கியை மற்றவன் நம்பவில்லை. அம்மா கெட்டித்தால் சரி என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

குண்டு குழலைவிட மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும். கொழுப்புத் தடவிய துணியோடு இறுக்கமாக இறங்கும். ரொம்பச் சிறிதானால் மருந்தின் வேகம் பக்கவாட்டில் கசிந்து, குண்டு எங்கோ போய்விடும். ஏசா குறி தவறாதவன். அதனால் அவனுக்கு அணில் சுடும் துப்பாக்கியின் சின்ன அச்சில் வார்த்தேன். லெம்முக்குச் சரியான குண்டு. அவன் எதிரில் நிற்கும் மாட்டைக்கூடச் சுடத் தெரியாதவன். யாரும் சாக வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன்.

கரையில் நான் கெட்டிக்கும்போது ஏசா பக்கத்தில் நின்றான். குண்டைக் குழலுக்குள் தள்ளும் கம்பி சுலபமாக இறங்கியதைப் பார்த்துவிட்டான்.

"தொளதொளன்னு போகுதேம்மா?"

"சரியாத்தான் இருக்கு."

"நீ சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டான்.

அவன் குண்டு மணலில் புதைந்தது. லெம் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். அது அண்ணனின் கழுத்தில் பட்டது. ஏசா என் மடியில்தான் கிடந்தான். பேச்சு வரவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைபோல என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடி தளர்ந்த பிறகும் நான் எடுக்கவில்லை. லெம் அப்படியே மேற்கே போனவன்தான், திரும்பவில்லை.

இருவருக்குமே சிறிய குண்டு போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். ஈயம் மிச்சமிருந்தது. ஆனால் ஏசாவுக்கு எதிரில் என் பிள்ளையை வெறுங்கையோடு எப்படி நிறுத்துவேன்?