நேர் ரோடு, நல்ல வெயில்

ஹலோ... ஹலோ, கரீன்? அம்மா பேசறேன்... ஆமா, ஆமா, அம்மாதான். நம்பர் புதுசாத்தான் இருக்கும். இந்த அலாஸ்கா ரோட்டுல செல்லுக்கு சிக்னலே கிடையாது. இது ஒரு பெட்ரோல் பங்க் கடையோட போன். கடைக்காரம்மா பேசிக்கோங்கன்னு விட்டிருக்காங்க...

இல்ல, வால்டீஸ் இன்னும் போய்ச் சேரல. நூத்திப் பதினஞ்சு மைல் பாக்கி... நல்லா இருக்கோம். ரெண்டு பேரும் முழுசா இருக்கோம், அதை முதல்ல சொல்லிடறேன்... ஏன் அப்படிச் சொல்றேன்னா, வாடகைக்கு எடுத்த வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு... கத்தாதே. கேளு. உருளல. சரளையில சறுக்கிட்டுப் போய் ஒரு புதருக்குள்ள நின்னுச்சு. என் மணிக்கட்டு மட்டும் வீங்கியிருக்கு... இடது கை. ஐஸ் வச்சிருக்கேன்... அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வெளிய வண்டியில உக்காந்திருக்காரு. இங்கருந்து ஜன்னல்ல தெரியறாரு.

...மூஸ் மான். குட்டியோட... இல்ல, குறுக்க பாயல. அதான் நான் சொல்ல வர்றது. பாஞ்சிருந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான். இது நடு ரோட்டுல சும்மா நின்னுட்டிருந்துச்சு. நேர் ரோடு. நல்ல வெயில். கால் மைலுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுது. வேகத்தைக் குறைப்பாரு, இப்பக் குறைப்பாருன்னு பாக்கறேன். அவரு ஆத்துத் தண்ணி சாம்பல் நிறத்துல இருக்கே, அது ஏன்னு எனக்கு விளக்கிட்டிருக்காரு. அதே வேகம். கடைசில "ஆர்விட், பிரேக்கு"ன்னு அலறினேன். அப்பவும் "எங்க?"ன்னு கேட்டாரு, கரீன்... ஆமா. கேட்டுட்டேதான் அழுத்தினாரு.

...விறகு ஏத்திட்டு வந்த ஒருத்தரு கயிறு கட்டி இழுத்துவிட்டாரு. இந்தப் பக்கத்து ஆளு. அந்த மூஸ் பத்து நிமிஷமா அங்கேயே நிக்குதே, பாக்கலையான்னு சாதாரணமாத்தான் கேட்டாரு. அப்பா, முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின மனுஷன். ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. தரையப் பாத்துட்டு நிக்கறாரு.

ஒரு நிமிஷம்... இல்லங்க, காபி போதும், ரொம்ப நன்றி... ஹலோ. ஆங்.

அங்கருந்து இங்க பன்னெண்டு மைல். அவருதான் ஓட்டினாரு. நான் கையத் துணியில சுத்திட்டு உக்காந்திருக்கேன். இங்க வந்து நிறுத்தி, இஞ்சினை அணைச்சிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாரு. "மார்லிஸ், உன்னைப் பாத்தா ஓரத்துல காது தெரியுது, முடி தெரியுது. நடுவுல முகம் இல்ல"ன்னாரு.

...கரீன்? லைன்ல இருக்கியா?... என்ன, உனக்குத் தெரியுமா?... என்ன தெரியும்?

...எப்பலருந்து?... மார்ச்சா. பனிக்கால டயரை மாத்திட்டு வர்றேன்னு போனாரே, அன்னைக்கா? நீயா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன?... இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதையும் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்க. கேட்டுட்டு, எங்க ரெண்டு பேரையும் ஏர்போர்ட்ல இறக்கி விட்டுட்டுக் கையாட்டிட்டுப் போன... சத்தியம் வாங்கினாரா. அப்பா சத்தியம் வாங்கினா அம்மாவக் காவு குடுத்துடுவியா... இல்ல, நீ இரு. நான் பேசி முடிக்கறேன்...

...என்ன சொன்ன? திரும்பச் சொல்லு... நான்தான் ஓட்டுவேன்னா? "ரயில்ல போகும்போது அம்மாகிட்ட சொல்லிடறேன், அப்புறம் அம்மாதான் ஓட்டுவா"ன்னு... அப்படியா சொன்னாரு உன்கிட்ட.

...இல்ல. ஒரு வார்த்தை சொல்லல... ரெண்டு நாள் ரயில்ல இருந்தோமே. செங்குத்துப் பாறையில காட்டு ஆடு நிக்குதுன்னு அறிவிச்சாங்க, பெட்டியே எழுந்துச்சு. இவரும் எழுந்து, ஆஹா எவ்வளவு அழகுன்னாரு. எதிர் சீட்டுக்காரங்க, சார், அது இந்தப் பக்கம்னாங்க. சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன்.

...நீ அழாதே... உன்னை மட்டும் சொல்லி என்ன. எனக்கும் தெரியும், கரீன். தெரியும்னா... தெரிஞ்சுக்காம இருந்தேன். ஏப்ரல்லருந்து ஓட்டலுக்குப் போனா மெனு கார்டையே திறக்கறதில்ல. உனக்கு என்னவோ அதே எனக்கும்பாரு. ரயில்ல நான் கலைமான் சாசேஜ் சொன்னேன். மிளகு ஆகாத மனுஷன், கண்ணுல தண்ணி வர வர அதைத் தின்னாரு. நேத்தெல்லாம் ரோட்டுல போர்டைப் படிச்சுச் சொல்லு, உன் குரல்ல கேக்க நல்லாருக்குன்னாரு. படிச்சேன். இருநூறு மைலுக்குப் படிச்சேன். ஏன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டா டுலூத்துக்கு, வீட்டுக்கே திரும்பணும். எனக்கு இந்தப் பனிமலையெல்லாம் பாக்கணும்னு இருபத்தாறு வருஷமா ஆசை. அதான் கேக்கல... ஆமா. அதான் உண்மை. வேற காரணம் தேடாதே.

...நீ கிளம்பி வர வேண்டாம். வந்து சேர ரெண்டு நாள் ஆகும்... டாக்ஸியா? இங்கயா?

...சாவி கேட்டேன். குடுக்கல. நேர் ரோடுதானே, நீ சொல்லிட்டே வா, நான் ஓட்டறேங்கறாரு. கோபமா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். கெஞ்சறாரு... ஆமா, போற வழியில மலைக் கணவாய் இருக்கு. நான் சர்ச்சுக்கும் கடைக்கும் ஓட்டினவதான். அதெல்லாம் தெரியும்.

...நான் என்ன சொன்னேனா? "அந்தக் குட்டி நின்ன இடத்துல ஒரு ஸ்கூல் புள்ள நின்னிருந்தா?"ன்னு கேட்டேன். கேட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்... கொடுமைதான். வாயை விட்டு வெளிய வந்தப்பவே தெரிஞ்சுச்சு. வேற எதைச் சொன்னாலும் அவரு காதுல ஏறாது, கரீன்.

...இரு. கதவு திறக்குது... இறங்கறாரு... இல்ல, கடைக்கு வரல. வண்டியத் தொட்டுத் தொட்டு முன்பக்கமா சுத்தி வர்றாரு... நான் உக்காந்து வந்த பக்கக் கதவோட கைப்பிடியத் தேடறாரு... போக மாட்டேன். அவராத் திறக்கட்டும்... ம்... ம்...

...உக்காந்துட்டாரு.

...இல்ல, நான் அழல... சரி. சரி. மெதுவாத்தான் போவேன். பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் மெதுவாத்தான். ஊர் போய்ச் சேந்ததும் கூப்பிடறேன்... அதுவா? கோபம் இருக்கு. உன்மேலயும் இருக்கு, அவர்மேலயும் இருக்கு. அதையெல்லாம் வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன். இப்ப எனக்கு ரோட்டை மட்டும்தான் பாக்க முடியும்.

வைக்கிறேன்.